299 ரூபாய்க்கு எத்தனை பாயிண்ட்?

2018 பிப்ரவரி பிற்பகுதியில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான செல்போன்கள் ஒன்றுக்கும் உதவாமல் போயின. கையில் இருந்தது நல்ல போன்தான். சார்ஜ் இருந்தது. முந்தைய வாரம்தான் ரீசார்ஜ் போட்டவர்களும் இருந்தார்கள். டவர் மட்டும் இல்லை. ஏர்செல் டவர் வாடகையைக் கட்டவில்லை. டவர் கம்பெனிகள் இணைப்பைத் துண்டித்துவிட்டன. ஷோரூம் வாசல்களில் கூட்டம் சேர்ந்தது, வாக்குவாதம் வெடித்தது. உள்ளே இருந்த ஊழியர்களிடம் சொல்ல பதில் எதுவும் இல்லை.

வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாமே என்றால், முடிச்சு விழுந்ததே அங்கேதான். நம்பரை விடாமல் கம்பெனியை மாற்ற வேண்டுமென்றால், ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு நம்பரைப் போட்டு, 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். அதை எந்த நெட்வொர்க்கை விட்டு ஓட நினைக்கிறோமோ அதே நெட்வொர்க்கிலிருந்துதான் அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாத போனிலிருந்து எப்படி அனுப்புவது? மொட்டை மாடி, மேம்பாலம், பக்கத்து ஊர் எல்லை என்று ஒரு பாயிண்டாவது காட்டும் இடத்தைத் தேடி ஜனம் அலைந்தது. பேங்க் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங், பிள்ளையின் ஸ்கூல் மெசேஜ் எல்லாமே அந்த ஒரு நம்பரில் தொங்கிக்கொண்டிருந்தன. பிப்ரவரி 28-ம் தேதி கம்பெனி திவால் மனுவோடு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டியது.

ஏர்செல் சாதாரண கம்பெனி இல்லை. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி, இங்கேயே வளர்ந்து, பிறகு வடக்கே போனது. சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெர்சியில் பல வருடம் அதன் பெயர் இருந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ‘பாக்கெட் இன்டர்நெட்’ என்று கைக்கடக்கமான விலையில் நெட் கொடுத்தது. ‘ஏன் ஏர்செல்?’ என்று அப்போது யாரைக் கேட்டிருந்தாலும், ‘ரேட்டு கம்மி’ என்பதுதான் பதிலாக வந்திருக்கும். அந்தப் பதிலில் தப்பே இல்லை. ஆனால் மலிவு விலைதான் கம்பெனியைக் கவிழ்த்தது என்று சொல்லிவிடவும் முடியாது. 2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்து மாதக்கணக்கில் இலவசமாக அள்ளிக்கொடுத்த பிறகு, கடன் சுமையோடு இருந்த யாராலும் அந்தப் பந்தயத்தில் ஓட முடியவில்லை. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணையும் திட்டம் 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 ஜனவரி இறுதியில் குஜராத், மகாராஷ்டிரா உள்பட ஆறு வட்டாரங்களில் சேவையை நிறுத்தியபோதே ஏர்செல்லின் முடிவு தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டில்தான், ‘நம்ம ஊர்லயா நிறுத்தப்போறான்’ என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம்.

சிம் வாங்கும்போது இரண்டு கேள்விகள் எழும். மாதம் எவ்வளவு, வேண்டிய நேரத்தில் வேலை செய்யுமா? முதல் கேள்விக்கான பதில் கடை வாசலில் கலர் கலராக ஒட்டியிருக்கிறது. இரண்டாவதற்கான பதிலை எந்தக் கம்பெனியும் ஒட்டாது, ஒட்டவும் முடியாது. அந்தப் பதில் கம்பெனியிடம் இல்லை. உங்கள் தெருவில், உங்கள் வீட்டுச் சுவரில், நீங்கள் போனை அதிகம் எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. ‘எந்த சிம் நல்லாயிருக்கும்?’ என்று கேட்டால் அனுபவமுள்ள மொபைல் கடைக்காரர், ‘வீடு எந்தப் பக்கம்?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்.

வருடத்துக்கு 13 மாதம்

விலைப் பக்கத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. 1995 ஜூலை 31-ம் தேதி மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் போட்ட அழைப்புதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அந்தக் காலத்தில் நாம் கூப்பிட்டாலும் காசு, நம்மை யாராவது கூப்பிட்டாலும் காசு. 2003 மே மாதம்தான் வருகிற அழைப்பு இலவசமானது. பிறகு நிமிடக் கணக்கு, நொடிக் கணக்கு, மிஸ்டு கால் என்று ஓடி, கடைசியில் ‘அன்லிமிடெட்’ வந்து நின்றது. ஒரு காலத்தில் ஒரே வட்டாரத்தில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் போட்டி போட்டன. 2012 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. மிச்சமிருந்தவர்களில் பலர் ஜியோவின் வருகைக்குப் பிறகு மூடினார்கள், அல்லது இணைந்தார்கள். இன்று நம் முன்னால் ஜியோ, ஏர்டெல், வி என்ற மூன்று தனியார் கம்பெனிகளும் அரசின் பி.எஸ்.என்.எல்.லும்தான் இருக்கின்றன.

மூன்று தனியாரும் விலையை ஏற்றும்போது ஒருவர் பின் ஒருவராக ஏற்றுகிறார்கள். 2019 டிசம்பரில் ஒரு முறை, 2021 இறுதியில் ஒரு முறை, 2024 ஜூலை முதல் வாரத்தில் ஒரு முறை. கடைசி உயர்வில், 28 நாளைக்கு தினம் ஒன்றரை ஜி.பி. தரும் ஜியோ பிளான் 239-லிருந்து 299 ஆனது. ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் 2,999 ரூபாயாக இருந்த வருட பிளான் 3,599 ஆனது. 28 நாள் என்பதைக் கவனியுங்கள். நான்கு வாரக் கணக்கில் போனால் வருடத்துக்கு 12 ரீசார்ஜ் இல்லை, 13. 299-ஐ 13-ஆல் பெருக்கினால் 3,887. வீட்டில் நான்கு சிம் என்றால் 15,548 ரூபாய். 30 நாள் செல்லும் பிளானையும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளானையும் தலா ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. இருக்கின்றன. ஆனால் ரீசார்ஜ் ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதில்லை.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. நெட் வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்குத் தனியாக வாய்ஸ் பிளான் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் மூன்று தனியாரும் கொடுத்தார்கள். ஜியோ முதலில் வைத்த விலையை இறக்கி, 84 நாளைக்கு 448 ரூபாய் என்று நிறுத்தியது; ஏர்டெல் 469, வி 470. ஒரு நாளைக்குச் சுமார் ஐந்தரை ரூபாய். வீட்டில் வைஃபை இருக்கும்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தினம் ஒன்றரை ஜி.பி. வாங்கிக் கொடுத்து, அது ஒவ்வொரு நள்ளிரவிலும் அப்படியே காலாவதியாகிற வீடுகள் எத்தனையோ.

ஆக, தனியாருக்குள் விலை வித்தியாசம் மாதம் ஐம்பது ரூபாயைத் தாண்டுவதே அபூர்வம். ‘எது சீப்’ என்ற கேள்விக்கு அவர்களுக்குள் பெரிய அர்த்தம் இல்லை. பி.எஸ்.என்.எல். ஒன்றுதான் உண்மையிலேயே வேறு விலை.

ஓடியவர்களும் திரும்பியவர்களும்

2024 ஜூலை விலையேற்றம் வந்ததும் சமூக வலைதளங்களில் ஒரே கோஷம்: பி.எஸ்.என்.எல்.லுக்குப் போவோம். வெறும் கோஷத்தோடு நிற்கவும் இல்லை. டிராய் கணக்கின்படி அந்த ஒரே மாதத்தில் பி.எஸ்.என்.எல்.லில் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. மூன்று தனியாரும் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். அடுத்த இரண்டு மூன்று மாதங்களும் அதே போக்குதான். நவம்பரில் காற்று திரும்பியது. பி.எஸ்.என்.எல். கணக்கு மறுபடி கழித்தலுக்குப் போனது.

காரணம் புரியாததல்ல. விலைக்காகப் போனவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் பல ஊர்களில் 4ஜி இன்னும் வரவில்லை. 2019-ல் அரசு 69,000 கோடி ரூபாய்க்குப் புத்துயிர்த் திட்டம் அறிவித்து, விருப்ப ஓய்வில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை அனுப்பியது. ஆனால் 4ஜி கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற முடிவால் வருடங்கள் ஓடின. டி.சி.எஸ்., தேஜஸ், சி-டாட் கூட்டணி செய்த அந்த உள்நாட்டு 4ஜி 2025 செப்டம்பர் 27-ம் தேதி ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 97,500 டவர்கள் என்பது அரசின் கணக்கு. உள்நாட்டுக் கருவி என்ற முடிவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கான காத்திருப்பின் விலையைக் கொடுத்தது, ஐந்தாறு வருடம் 3ஜி-யில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்.

இன்று பி.எஸ்.என்.எல்.லுக்குப் போகலாமா என்றால், பதில் ஊருக்கு ஊர் மாறும். பொதுவாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பி.எஸ்.என்.எல். 4ஜி-யில் ஒரு முக்கியப் பங்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிறது. போன் பாஷையில் ‘பேண்ட் 28’. இந்தியாவில் விற்ற பழைய 4ஜி போன்கள் பலவற்றில் இது இல்லை. சிம் சரி, டவர் சரி, போன் மட்டும் அந்த அலையைப் பிடிக்காது. கடைக்காரர் மேல் கோபப்படுவதற்கு முன் உங்கள் போன் மாடலின் விவரப் பட்டியலில் ‘பி28’ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அம்மாவின் பட்டன் போனுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். ஜியோவில் 2ஜி கிடையாது. சாதாரண 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம்மைப் போட்டால் ஊமைதான். ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். அதில் பேசும்.

சமையலறையில் மைனஸ் 113

ஒரே கம்பெனி, ஒரே பிளான், பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருவர் புகழ்கிறார், ஒருவர் திட்டுகிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். அலையின் குணம் அப்படி. 700, 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் போகும், சுவரைத் துளைக்கும். ஆனால் ஒரே நேரத்தில் அதிகம் சுமக்காது. 2,300, 3,500 போன்ற உயர்ந்தவை நெட்டை வாரி இறைக்கும். இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். 5ஜி-யின் வேகமெல்லாம் பெரும்பாலும் அந்த 3,500-ல் வருவது. அதனால்தான் வாசலில் 5ஜி, ஹாலில் 4ஜி, பாத்ரூமில் ‘நாட் ரீச்சபிள்’.

போனின் மேல் ஓரத்தில் காட்டும் பாயிண்டை நம்பாதீர்கள். எத்தனை பலத்துக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் டயல் பண்ணும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அங்கே சிக்னல் பலம் ‘டி.பி.எம்.’ கணக்கில் மைனஸ் எண்ணாக இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜி-யில் மைனஸ் 85 பக்கம் என்றால் கவலை இல்லை. மைனஸ் 100 சுமார். மைனஸ் 115-ஐத் தொட்டால் பேச்சு வெட்டி வெட்டி வரும், கால் அறுந்தும் போகும். என் வீட்டு மொட்டை மாடியில் மைனஸ் 84 காட்டும் சிம், சமையலறையில் மைனஸ் 113. எண்ணைப் பார்த்தால் 29-தான் வித்தியாசம். ஆனால் இந்த அளவுகோலில் பத்து படி இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். கணக்குப் போட்டால் மாடியில் கிடைப்பதில் ஏறத்தாழ 800-ல் ஒரு பங்குதான் அடுப்படிக்கு வருகிறது. இரண்டு இடத்திலும் ரீசார்ஜ் ஒன்றுதான்.

எண் நன்றாக இருந்தும் நெட் சுற்றிக்கொண்டே இருந்தால் அது வேறு வியாதி, நெரிசல். டவர் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் ஊரே ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதே டவரில் கிரிக்கெட்டும் சீரியலும் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் மதியம் மூன்று மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்துச் சிம் வாங்குவது, ஆபீஸ் நேரக் கூட்டத்தில் நிற்காமல் காலி பஸ்ஸைப் பார்த்து பஸ் வசதியைப் பாராட்டுவது போல. ‘இந்தியாவின் அதிவேக நெட்வொர்க்’ விளம்பரங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். நாட்டின் சராசரி வேகம் உங்கள் வார்டுக்கு வராது. வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு ராத்திரி மீட்டிங்கில் குரல் அறுபடாமல் இருப்பது முக்கியம். உச்ச வேகம் எவ்வளவு என்பதை அவர் ஒருநாளும் தொடப்போவதில்லை.

கம்பெனிகள் 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கும் என்ற வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராய் தரவிதிகள் கட்டாயமாக்கின. போட்டிருக்கிறார்கள், பாருங்கள். ஆனால் அது வெட்டவெளிக்கான கணக்கு. உங்கள் வீட்டுச் சுவர் எத்தனை அங்குலம் என்று அந்த வரைபடத்துக்குத் தெரியாது. கலர் இல்லாத இடத்தில் கண்டிப்பாகக் கிடைக்காது என்பதற்கு மட்டும் அதை நம்பலாம்.

வீட்டுக்குள் சிக்னல் மோசம், ஆனால் பிராட்பேண்ட் இருக்கிறது என்றால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் கொண்டுவந்த ‘வைஃபை காலிங்’கை போன் செட்டிங்ஸில் ஆன் செய்தால், சாதாரண அழைப்பு வைஃபை வழியாகவே போகும், வரும். தனிக் கட்டணம் கிடையாது. இதை விட்டுவிட்டு ஆன்லைனில் ‘சிக்னல் பூஸ்டர்’ வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம். அக்கம்பக்கத்தார் சிக்னலையும் கெடுக்கும்.

கரண்ட், கேபிள், ஜே.சி.பி.

நம்பகம் என்றதும் சிக்னலை மட்டும் நினைக்கிறோம். டவருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் தீர்ந்தால் லாரி வர வேண்டும். ரோட்டில் மரம் கிடந்தால் லாரி வராது. 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைக் கிராமங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. டவர் நிமிர்ந்தே நின்றாலும் பயனில்லை. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையில் அடித்தபோதும் மரங்களோடு கேபிள்களும் அறுந்தன. புயல் வேண்டும் என்றுகூட இல்லை. ரோட்டைத் தோண்டும் ஒரு ஜே.சி.பி. போதும், பூமிக்குள் போகும் ஃபைபர் கேபிள் அறுந்து நாலு கிராமத்துக்கு நெட் போய்விடும்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள்கூட இங்கே ஏமாறுவது உண்டு. டவர் என்பது பெரும்பாலும் செல் கம்பெனியின் சொத்து அல்ல. டவர் கம்பெனியின் சொத்து. ஒரே டவரில் இரண்டு மூன்று கம்பெனிகள் குடியிருக்கும், அதே ஜெனரேட்டர், அதே டீசல். ஏர்டெல்லும் வி-யும் இண்டஸ் டவர்ஸின் முக்கியக் குடித்தனக்காரர்கள். ஜியோவின் டவர்களில் பெரும்பகுதி புரூக்ஃபீல்டு கைக்குப் போன தனி நிறுவனத்திடம் இருக்கிறது. பி.எஸ்.என்.எல்.லுக்கு சொந்த டவர்கள் உண்டு. அதனால் ‘ஒன்று போனால் இன்னொன்று’ என்று இரண்டாவது சிம் வாங்குகிறவர், முதல் சிம்மின் ஆண்டெனா தொங்கும் அதே டவரில் இரண்டாவதும் தொங்குகிறதா என்று யோசித்து வாங்குவது நல்லது. சந்தேகமாக இருந்தால் ஒரு தனியார், ஒரு பி.எஸ்.என்.எல்.; அல்லது ஒரு ஜியோ, ஒரு ஏர்டெல்.

சேவை முடங்கினால் இழப்பீடு உண்டா? புதிய தரவிதிகளின்படி உண்டு. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் போஸ்ட்பெய்டுக்காரருக்கு பில்லில் கழிவு, ப்ரீபெய்டுக்காரருக்கு அத்தனை நாள் வேலிடிட்டி நீட்டிப்பு. இயற்கைப் பேரிடரால் முடங்கினால் கிடையாது. நம் ஊரில் நாள்கணக்கில் டவர் போவது எப்போது என்று கஜா பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டவரே எட்டாத ஊர்களும் இருக்கின்றன. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக மலைக்கிராமப் பிள்ளைகள் பாறை மேலும் மரத்தின் மேலும் ஏறி உட்கார்ந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். செல் சேவை எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022 ஜூலையில் மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டத்தின் கணக்கில் நாடு முழுக்க 24,680 கிராமங்கள்; செலவு 26,316 கோடி ரூபாய்; வேலை பி.எஸ்.என்.எல்.லுக்கு. அங்கே போய் ‘விலையா, நம்பகமா’ என்று கேட்டால் சிரிப்பார்கள். இருக்கிற ஒரே டவர் யாருடையதோ, அவர்தான் நல்ல கம்பெனி.

யாருக்கு எது

சிம்மின் உண்மையான விலையை, அது வேலை செய்யாத நாளில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்பதை வைத்துத்தான் போட வேண்டும். சாப்பாடு டெலிவரி செய்யும் பையனுக்கு மாலை ஏழிலிருந்து பத்து வரை நெட் இல்லையென்றால் அன்றைய சம்பாத்தியம் போச்சு. மாதம் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரே ராத்திரியில் அதைப் பல மடங்கு விடுவார். பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கு யு.பி.ஐ. சவுண்ட் பாக்ஸ் ‘ரூபாய் பெறப்பட்டது’ என்று சொல்லும் வரை சரக்கைக் கொடுக்க மனசு வராது. டயாலிசிஸுக்குப் போய்வரும் பெரியவர் இருக்கும் வீட்டில் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். நெட் வேகம் பற்றி அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். இவர்கள் எல்லாம் விலையைப் பார்க்கவே கூடாது என்பது என் கட்சி.

மறுபக்கம், பகல் முழுக்க ஆபீஸ் வைஃபை, ராத்திரி வீட்டு வைஃபை என்று இருப்பவர், விளம்பரத்தைப் பார்த்து மாதம் 349 ரூபாய்க்கு அன்லிமிடெட் 5ஜி போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வாய்ஸ் பிளானே போதும். 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவில் அன்லிமிடெட் 5ஜி வேண்டுமென்றால் தினம் 2 ஜி.பி. அல்லது அதற்கு மேல் தரும் பிளானுக்குப் போயாக வேண்டும் என்று ஆகிவிட்டது. 5ஜி-க்காகத்தான் அந்தக் கூடுதல் பணம் போகிறது என்பதே பலருக்கு உறைப்பதில்லை.

பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டுக்குள் எந்தக் கம்பெனியின் சிக்னல் எண் நன்றாக வருகிறதோ, அதில் ஒரு முழு பிளான், விலையைப் பார்க்காமல். இரண்டாவது ஸ்லாட்டில் வேறு டவர்க்காரருடைய சிம், இருப்பதிலேயே சின்ன பிளானில். பேங்க் நம்பர் எதில் இருக்கிறதோ, அந்த சிம் ஒரு நாளும் சாகக் கூடாது. 90 நாள் ஒரு பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு நம்பரை முடக்கிவிடலாம் என்பது விதி; கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு நீட்டிப்பார்கள். முடக்கிய நம்பரைக் கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்காவது விற்கவும் விற்பார்கள். உங்கள் ஓ.டி.பி. ஒரு அந்நியரின் போனுக்குப் போகும்.

கம்பெனி நிலைக்குமா என்பதையும் ஒரு கண் பார்க்க வேண்டியிருக்கிறது. 2019 அக்டோபர் 24-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கம்பெனிகள் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி மலையாக ஏறியது. அதில் பெரிதும் அடிபட்டது வி. 2025-ல் அதன் பாக்கியில் 36,950 கோடி ரூபாயை அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டது. இன்று அரசுதான் அதன் பெரிய பங்குதாரர், ஏறத்தாழ 49 சதவிகிதம். அரசு கை இருப்பதால் ஏர்செல் மாதிரி ஒரு ராத்திரியில் விளக்கணையும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பணம் இல்லாத கம்பெனி புது டவர் போடத் தயங்கும் என்பதும் நிஜம். வி நன்றாக எடுக்கும் ஊர்களும் இருக்கின்றன. அங்கே இருப்பவர் பயந்து மாற வேண்டியதில்லை.

மாறுவதாக இருந்தால்

போர்ட் செய்வது 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கும் உரிமை. ஒரே மாநில வட்டாரத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் முடிய வேண்டும். 1900-க்கு அனுப்பினால் வரும் எட்டு எழுத்து யு.பி.சி. கோடு நம் ஊரில் நான்கு நாள் செல்லும். எளிதாகத்தான் இருக்கிறது, ஆனால் சில முட்கள் உண்டு. போன நெட்வொர்க்கில் 90 நாள் இருந்தாக வேண்டும், உடனே திரும்பி வர முடியாது. பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பேலன்ஸும் வேலிடிட்டியும் அம்போ. தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கியிருந்தால் 2024 ஜூலை முதல் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். நம்பரைத் திருடிப் பேங்கைக் காலி செய்கிறவர்களைத் தடுக்கத்தான் இந்த விதி.

அதனால் நம்பரை எடுத்துக்கொண்டு நேராகக் குதிக்காதீர்கள். போகப்போகிற கம்பெனியில் சின்ன பிளானோடு புது சிம் ஒன்று வாங்கி, இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, ஒரு ரீசார்ஜ் காலம் ஓட்டிப் பாருங்கள். படுக்கையறையில் சிக்னல் எண் என்ன, ஆபீஸ் லிஃப்ட் பக்கம் பேச முடிகிறதா, பஸ்ஸில் போகும்போது எந்த இடத்தில் அறுகிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு நெட் சுற்றுகிறதா. அந்தச் செலவு, 90 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதைவிடக் குறைவு.

தற்போதைய கம்பெனியிலேயே சரிசெய்து பார்க்க விரும்பினால் 198-க்கு அழைத்துப் புகார் பதிந்து, டாக்கெட் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக எடுக்காது. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்கும் அங்கே செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. இதையெல்லாம் செய்கிறவர்கள் குறைவு. ஆனால் ஒரே தெருவிலிருந்து பத்து டாக்கெட் நம்பர் போனால் ஆண்டெனாவைத் திருப்பிவைக்க ஆள் வருவதும் உண்டு.

சோதனை சிம்மை எப்போது வாங்குவது என்று கேட்டால், ஐப்பசி பிறந்த பிறகு வாங்குங்கள். சித்திரை வெயிலில் எல்லா டவரும் நன்றாகத்தான் எடுக்கும். வடகிழக்குப் பருவமழையில் கரண்ட் போய் நாலு மணி நேரம் ஆன பிறகும் எந்த சிம் பேசுகிறதோ, அதற்கு உங்கள் நம்பரைப் போர்ட் செய்யுங்கள்.